ஆமையும் ஓங்கலும் உழுவையும் வலையில் சாகாமல் தொழில் செய்வது எப்படி? நெல்லைக் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூடுதாழையில் தொடங்கி உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் வழியாகக் கூட்டப்புளி வரை நெல்லை மாவட்டத்துக்கு இருப்பது ஐம்பது கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த கரை. இங்கே தொழில் பெரும்பாலும் ஃபைபர் வள்ளத்தில், செவுள் வலையாலும் (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் கண்ணி வலை) தூண்டிலாலும் நடக்கிறது. இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் பை வலை) போடும் விசைப்படகுகள் வடக்கே தூத்துக்குடியிலும் தெற்கே சின்னமுட்டத்திலும் நிற்கின்றன. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கடல் பிரியவில்லை. மணப்பாட்டுக்கு எதிரே நீந்தும் ஆமை மறுநாள் உவரிக்கு எதிரே நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியைப் பழைய திருநெல்வேலிச் சீமைக் கடற்கரை முழுவதற்கும் சேர்த்தே எழுதுகிறேன். முதலில் வள்ளக்காரர்களுக்கு, அப்புறம் விசைப்படகுக்காரர்களுக்கு.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆமை, ஓங்கல் (டால்ஃபின்), கடல் பசு மூன்றும் நம்மைப் போலக் காற்றைச் சுவாசிப்பவை. வலையில் விழுந்தால் பெரும்பாலும் காயத்தால் சாவதில்லை, மூச்சு முட்டிச் சாகின்றன. ஆகவே எந்த வலையானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாட்டிய உயிர் தண்ணீருக்கு அடியில் எவ்வளவு நேரம் கிடந்தது? கீழே வரும் வழிகளில் பாதி, மாட்டாமலே இருக்கச் செய்வதற்கு. மீதிப் பாதி, அந்த நேரத்தைக் குறைப்பதற்கு.

1. எது விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் வலைகளில் விழுபவற்றில் முக்கியமானது பங்குனி ஆமை. மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை முட்டையிடக் கரையை நெருங்கி வரும். பேராமை, அழுங்காமை இரண்டும் பார்களையும் (கடலடிப் பாறைத்திட்டுகள்) கடல்புல்லையும் ஒட்டி நடமாடுகிறவை. அழுங்காமை இறைச்சி விஷமாகி ஆட்களே இறந்ததுண்டு. ஒரு காலத்தில் தூத்துக்குடியில் ஆமை இறைச்சியும் ரத்தமும் வெளிப்படையாகவே விற்றது என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடல் பசுவை ஆவுளியா என்றும் சொல்வார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். ஒரு தாய் 3 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி போடும். ஒரு பெண் கடல் பசு செத்தால் அந்த இழப்பு ஒரு தலைமுறை ஆனாலும் ஈடாகாது.

செவுளால் சுவாசிக்கிறவற்றில் கவலைக்குரியவை உழுவை (கிட்டார் மீன்), கொம்புத் திருக்கை, திமிங்கலச் சுறா, வேளா (ரம்ப மீன்). வேளாவைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். இப்போதுள்ள பையன்களில் பலர் பார்த்ததே இல்லை. ரம்பம் போன்ற மூக்கு வலையில் சிக்கினால் தானாகக் கழற்றிக்கொள்ள அதற்கு வழியில்லை. அதனால்தான் மற்ற மீனுக்கு முன்னால் அது அருகிப்போனது.

ஆமைகள், கடல் பசு, ஓங்கல், திமிங்கலச் சுறா, வேளா எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பிடித்து விற்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இந்தப் பயத்தால்தான் பலர், தவறி விழுந்த உயிரைப் பற்றி வாயே திறப்பதில்லை. தவறி விழுந்ததை உயிரோடு விடுவது வேறு, பிடித்து விற்பது வேறு. இந்த வித்தியாசம் ஊரில் எல்லோருக்கும் தெளிவாக இருக்க வேண்டும்.

2. வள்ளத்தில் ஒரு நோட்டு

பெரிய படிவம் எதுவும் வேண்டாம். தேதி, எந்த வலை, எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம், வலை போட்ட நேரம், வாங்கிய நேரம், என்ன விழுந்தது, உயிரோடு இருந்ததா, விட்டீர்களா. இவ்வளவு போதும். ஜிபிஎஸ் இருந்தால் இடத்தையும் குறியுங்கள். ஒரு ஊரில் பத்து வள்ளம் ஒரு பருவம் முழுக்க இப்படி எழுதினால், எந்தப் பாரை ஒட்டி, எந்த மாதத்தில், எந்த வலையில் ஆமை விழுகிறது என்பது கையில் நிற்கும். ஆபீசர்களிடம் பேசும்போதும் அந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பு வெறும் பேச்சுக்கு இருக்காது.

3. வலை கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள்

செலவே இல்லாமல் அதிக உயிரைக் காப்பது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

ஓய்வாக இருக்கும் ஆமை நெடுநேரம் மூச்சடக்கும். வலையில் மாட்டி உதறும் ஆமையால் அப்படி முடியாது. உதற உதறக் காற்று தீரும், ரத்தத்தில் அமிலம் ஏறும், மயங்கும். இழுவைமடியில் ஆமைகள் சாவதைப் பற்றி அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில், பத்து நிமிடத்துக்குள் மடியைத் தூக்கினால் சாவது மிக அரிது என்றும், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் சாவு மளமளவென்று ஏறும் என்றும் தெரிந்தது. அதனால் அங்கே ஆமை விலக்கும் சாதனம் பொருத்தாத சில சிறு படகுகளுக்கு இழுக்கும் நேரத்தையே கட்டுப்படுத்தினார்கள்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 55 நிமிடம், மற்ற மாதங்களில் 75 நிமிடம். நம் பக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் இழுப்பது சாதாரணம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

செவுள் வலைக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? பருவலை (பெரிய கண்ணுள்ள மிதப்பு வலை) போட்டுவிட்டு வலையின் ஒரு முனையில் வள்ளத்தைக் கட்டிக்கொண்டு நீரோட்டத்தோடு போவதுதான் வழக்கம். அந்த நேரத்தில் இருவர் தூங்கினாலும் ஒருவர் மிதவை வரிசையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: வரிசை முழுக்க ஒரே மட்டத்தில் ஆடும்போது ஓரிடத்தில் மட்டும் இரண்டு மூன்று மிதவை அமுங்கி அமுங்கி எழுந்தால், அங்கே ஏதோ பெரிதாக மாட்டியிருக்கிறது. சுறாவாகவும் இருக்கலாம், ஆமையாகவும் இருக்கலாம். உடனே அந்தத் துண்டை மட்டும் தூக்கிப் பாருங்கள். சுறாவானால் வலையைச் சுருட்டிப் பாழாக்கும் முன் எடுத்துவிடலாம். ஆமையானால் அதற்கு உயிர் இருக்கும்.

அடியில் விடும் வலைகளில்தான் நிலைமை மோசம். திருக்கை வலை, சிங்கி (கல் இறால்) வலை, நண்டு வலை எல்லாம் சாயங்காலம் போட்டு மறுநாள் காலையில் வாங்குகிறோம். பார் ஓரத்தில் இராத்திரி முழுக்கக் கிடக்கும் வலையில் விழுந்த ஆமைக்குத் தப்பிக்கும் வழி கிடையாது. தை, மாசி, பங்குனி மூன்று மாதமாவது கரையை ஒட்டிய பாரில் இராத்திரி வலை வேண்டாம். விடியப் போட்டு மதியத்துக்குள் வாங்குங்கள். சிங்கி இராத்திரியில் நடமாடுவது, அதனால் பாடு (பிடிபடும் அளவு) குறையும். அது உண்மையான நட்டம், மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் இதை ஒரு வள்ளம் மட்டும் செய்யாமல் ஊரே சேர்ந்து ஒரு சில வாரத்துக்கு, ஆமை அதிகம் விழும் பார்களுக்கு மட்டும் என்று தீர்மானிப்பது நல்லது. எந்த வாரம், எந்தப் பார் என்பதற்கு உங்கள் நோட்டே பதில் சொல்லும்.

4. காலமும் இடமும்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதுவும் விசைப்படகுக்கு. மீன் இனப்பெருக்கத்தை மனதில் வைத்து வைத்த தடை அது. ஆமை கரையை நெருங்கும் முக்கிய மாதங்கள் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியதே, அது தடைக்காலத்துக்கு மூன்று மாதம் முன்பு. ஆக தடைக்காலத்தை நம்பி இருக்க முடியாது.

நீங்களே செய்யக்கூடியவை: ஆமை மேலே வந்து தலைநீட்டிக் காற்று வாங்கும் இடத்தில் வலை போடாமல் அரை மைல் தள்ளிப் போங்கள். ஓங்கல் கூட்டம் மேயும் இடத்தில் சூரை மீனுக்காகச் சுற்றி வலை விடாதீர்கள். ஒரு வள்ளம் ஆமைக் கூட்டத்தைப் பார்த்தால் வயர்லெஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ மற்றவர்களுக்குச் சொல்லட்டும். சூரை எங்கே நிற்கிறது என்று சொல்லத் தயங்குவோம், அது தொழில். ஆமை எங்கே நிற்கிறது என்று சொல்ல யாருக்கும் நட்டமில்லை.

5. செவுள் வலையில் செய்யக்கூடிய மாற்றங்கள்

மேல்மட்ட வலையைக் கொஞ்சம் இறக்குவதுதான் முதலில் முயல வேண்டியது. பாகிஸ்தானின் சூரை வள்ளங்களில் மேல்கயிறு கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே இருக்குமாறு வலையை மாற்றிப் பார்த்தார்கள். ஓங்கல் விழுவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது, சூரை அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. செய்முறை எளிது. மேல்கயிற்றிலுள்ள சிறு மிதவைகளைக் குறைத்து, 2 மீட்டர் தூக்குக் கயிற்றில் பெரிய மிதவைகளைக் கட்டினால் வலை அந்த ஆழத்தில் தொங்கும். கப்பல் அடித்து வலை அறுவதும் இதில் குறையும்.

எடுத்ததும் முழு வலையையும் மாற்றாதீர்கள். பாதி வலையை இறக்கிக் கட்டி, பாதியைப் பழையபடி விட்டு, இரண்டிலும் விழுவதைத் தனித்தனியே எழுதுங்கள். நம் நீரோட்டத்தில், நம் மீனுக்கு எப்படி என்பது அப்போதுதான் தெரியும். வேறு கடலின் கணக்கை அப்படியே நம்பி வலையை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

விளக்கு இன்னொரு வழி. பெரு நாட்டில் அடிவலையின் மேல்கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பச்சை எல்இடி விளக்கு கட்டிப் பார்த்தார்கள். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் பேராமை விழுவது சுமார் 64 சதவீதம் குறைந்தது, பிடிக்க வேண்டிய மீன் குறையவில்லை. ஆமைக்கு வலை கண்ணில் படுகிறது, விலகிப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: விளக்கு வைத்து மீனை ஈர்க்கும் தொழில் நம் நாட்டில் 2017 முதல் தடை. வலையை அடையாளம் காட்டும் சிறு விளக்கு வேறு என்றாலும், மீன்வளத் துறையிடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஓங்கலை விரட்டும் ஒலிக்கருவியும் உண்டு. விலை அதிகம், பேட்டரி மாற்ற வேண்டும், சில ஓங்கல்கள் அந்தச் சத்தத்தையே சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொள்ளும். சிறு வள்ளத்துக்கு இப்போதைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அடிவலையின் உயரத்தைக் குறைப்பது நல்ல பலன் தரும். சிங்கியும் நண்டும் தரையில் நடப்பவை. அவற்றுக்கு ஆள் உயரத்துக்கு வலை நிற்கத் தேவையே இல்லை. மேலே நிற்கும் வலைக்கண்களில் விழுவது பெரும்பாலும் ஆமையும் வேண்டாத மீனும்தான்.

6. விசைப்படகுக்கு: ஆமை விலக்கும் சாதனம்

மீன் சேரும் மடிக்குச் சற்று முன்னால் சாய்வாகத் தைக்கும் கம்பிச் சட்டம் இது. இறாலும் சிறு மீனும் கம்பி இடைவெளி வழியே மடிக்குப் போகும். ஆமை கம்பியில் முட்டி, சாய்வோடு நழுவி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியாக வெளியே போகும். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ற மாதிரி இதைச் செய்திருக்கிறது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மானியமும் அறிவிக்கப்பட்டது.

பொருத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. சாய்வு 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 55க்கு மேல் நிமிர்ந்தால் ஆமை கம்பியில் அப்பிக்கொண்டு நிற்கும், வெளியே போகாது. 30க்குக் கீழே படுத்தால் இறால் தப்பும். திறப்பை மூடும் வலைத்துண்டு கம்பியைத் தாண்டி நீளமாகத் தொங்கக் கூடாது. திறப்பைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு சாதனம் இருக்கிறது என்று காட்டுவதும் நடக்கிறது. அதற்கு அந்தக் கம்பிச் சட்டமே வேண்டாம். சரியாகப் பொருத்தினால் நூற்றில் 97 ஆமை வெளியேறும் என்கிறது அமெரிக்க மீன்வளத் துறை.

பாடு குறையுமா? பாசியும் கடற்பஞ்சும் நிறைந்த இடத்தில் கம்பி அடைத்தால் குறையும். ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு கம்பியைச் சுத்தம் செய்ய வேண்டும். பெரிய திருக்கையும் திறப்பு வழியே போய்விடும், அதுவும் ஒரு இழப்பு. எதிர்ப்பக்கம் இன்னொரு கணக்கு இருக்கிறது: இந்தச் சாதனம் நடைமுறைக்கு வரவில்லை என்று சொல்லி 2019இல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. கடலில் பிடிக்கும் இறாலின் விலையை அது யாருக்குக் குறைத்தது என்று ஏலத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

சாதனம் கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள். தை முதல் பங்குனி வரை இழுக்கும் நேரத்தை ஒரு மணிக்குள் வைத்துக்கொள்ளலாம். டீசல் கொஞ்சம் கூடும், மீன் நசுங்காமல் வரும்.

7. தூண்டிலுக்கு

ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட ஒரே கயிற்றில் நிறைய முள் தொங்குவது) வழக்கமான வளைவு முள்ளுக்குப் பதிலாக, முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் போடுங்கள். ஆமை விழுங்கினாலும் தொண்டைக்குள் குத்தாமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். கணவாய் இரையைவிட மீன் இரைக்கு ஆமை குறைவாக மாட்டும். முள் வாயில் தெரிந்தால் கழற்றுங்கள். உள்ளே போயிருந்தால் இழுக்கவே கூடாது, குடல் கிழிந்துவிடும். தூண்டில் நரம்பை வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வெட்டி விடுங்கள்.

8. மாட்டிவிட்டது, இனி என்ன செய்வது?

முதலில் இன்ஜினை நியூட்ரலில் போடுங்கள். வலையோடு ஆமையை இழுத்துத் தூக்காதீர்கள். தங்கூஸ் (நைலான்) நூல் துடுப்பின் அடியில் கத்தி மாதிரி இறங்கும். ஒருவர் ஓட்டின் முன்பக்க விளிம்பைக் கழுத்துக்குப் பின்னாலும், வாலுக்கு மேலே பின் விளிம்பையும் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் நூலை வெட்டட்டும். துடுப்பைச் சுற்றிய நூலைக் கையால் உருவப் பார்த்தால் இன்னும் இறுகும். துடுப்புக்கும் நூலுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்து, கத்தியின் மொட்டை முதுகு தோலைப் பார்க்குமாறு வைத்து, வெளிப்பக்கமாக வெட்டுங்கள். வெட்டிய துண்டு நூல் ஆமையின் மேல் மிஞ்சக் கூடாது. நூலோடு போனால் பின்னால் துடுப்பே அழுகி விழும்.

தலையைத் தூக்கி மூச்சு விட்டு, துடுப்படிக்கும் ஆமையை உடனே வலை இல்லாத பக்கமாகத் தலைமுன்னே இறக்குங்கள். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். மயங்கிய ஆமையும் அப்படித்தான் கிடக்கும். கடலில் போட்டால் அப்போது கட்டாயம் முழுகிச் சாகும்.

வயிறு கீழே இருக்குமாறு படுக்க வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் அளவுக்கு உயர்த்துங்கள். மடித்த வலைக்கட்டோ ரப்பர் டயரோ போதும். நுரையீரலில் போன தண்ணீர் வாய்வழியே வடியும். நிழலில் வையுங்கள், நனைத்த சாக்கை மேலே போடுங்கள், மூக்கை மூடாதீர்கள். மல்லாக்கப் போடுவதும் நெஞ்சை மிதித்து அமுக்குவதும் தவறு. அவ்வப்போது கண்ணோரத்தையும் வாலையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சின்னத் துடிப்பு இருந்தாலும் உயிர் இருக்கிறது. குறைந்தது 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். கரைக்கு வர வேண்டியிருந்தால் வரும் வழியிலேயே வனத்துறைக்குப் போன் செய்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க இடமிருக்காது.

ஓங்கலோ கடல் பசுவோ என்றால் முதல் வேலை தலையைத் தண்ணீருக்கு மேலே வைப்பது. மற்றதெல்லாம் அப்புறம். வாலைக் கட்டி இழுக்காதீர்கள், துடுப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், வள்ளத்துக்குள் ஏற்றாதீர்கள். பக்கவாட்டில் தாங்கிப் பிடித்து வலையை வெட்டுங்கள். குட்டி சுற்றிச் சுற்றி வந்தால் தாயையும் குட்டியையும் பிரிக்காமல் விடுங்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலைப் பக்கம் திமிங்கலக் கூட்டம் கரை ஏறியபோது, நம் ஆட்கள் இராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்று தள்ளிவிட்டார்கள். அது வலையால் நேர்ந்ததல்ல. ஆனாலும் அந்த மனசு இந்தக் கரையில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.

திமிங்கலச் சுறாவுக்கு வலையை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கொம்புத் திருக்கையைக் கொம்பையோ செவுளையோ பிடித்துத் தூக்காமல், இருவர் இரண்டு சிறகோரத்தையும் தாங்கி இறக்குங்கள். உழுவைக்குக் கண்ணுக்குப் பின்னால் சுவாசத் துளை உண்டு, அதனால் வள்ளத்தில் கொஞ்ச நேரம் தாங்கும். ஈரம் காயாமல் வைத்து விட்டால் பிழைக்கும். கடல் பாம்பைக் கையால் தொட வேண்டாம், கம்பால் தள்ளுங்கள்.

9. கடலில் விட்டுப்போன வலை

அறுந்த வலை பாரில் மாட்டிக்கொண்டு யாருக்கும் பயனில்லாமல் மாதக்கணக்கில் மீன் பிடிக்கும், ஆமையையும் பிடிக்கும். கிழிந்த தங்கூஸைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள். வலையின் இரு முனையிலும் பெயரெழுதிய மிதவை கட்டுங்கள். வலை போனால் இடத்தைக் குறித்துவந்து ஊரில் சொல்லுங்கள். முத்துக்கும் சங்குக்கும் குளித்த குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய. முழுகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எடுக்க முடியும்.

10. செலவை யார் ஏற்பது?

வெட்டிய வலைக்கு ஒரு குடும்பம் மட்டும் நட்டப்படுவது நியாயமில்லை. குஜராத்தில் திமிங்கலச் சுறாவை விட வலையை வெட்டினால் வனத்துறை பணம் கொடுக்கிறது. மகாராஷ்டிரா 2018இல் இதேபோல் ஒரு திட்டம் தொடங்கி, ரூ.25,000 வரை கொடுக்கிறது. நம் மாநிலத்தில் கடல் பசுவை விடுவித்த மீனவர்களுக்கு வெகுமதி கிடைத்திருக்கிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல் பசுப் பாதுகாப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கிடைக்கும் கவனம் நெல்லைக் கரையின் ஆமைக்கும் உழுவைக்கும் கிடைக்க வேண்டும் என்று ஊர்க் கமிட்டிகள் சேர்ந்து மனு கொடுக்கலாம். வெட்டுவதற்கு முன் போனில் ஒரு வீடியோ, வெட்டிய வலையின் ஒரு படம், நோட்டில் ஒரு வரி: மனுவோடு வைக்க இவை மூன்றும் வேண்டும்.

ஆட்களோடு ஒருநாள் உட்கார்ந்து யார் கத்தி பிடிப்பது, யார் ஓட்டைப் பிடிப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், அலையில் அதைத் தீர்மானிக்க நேரமிருக்காது. வலை கட்டும் வேலை ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும்போதே பாதி வலைக்கு 2 மீட்டர் தூக்குக் கயிறு கட்டிவிடுங்கள். மொட்டை முனைக் கத்தி ஒன்று, சாக்கு ஒன்று, நோட்டு ஒன்று. மார்கழிக் கடைசியில் முதல் ஆமை வருமுன் இவை மூன்றும் வள்ளத்தில் இருக்கட்டும்.